பிரேக் அக்காவின் தாடை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் மிதி இருக்கும் அல்லவா, அதை அவளைப் போல மிதித்தவர் யாரும் கிடையாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. லாரிக்கும் குப்பைத்தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஆட்களை எல்லாம் நடுரோட்டுக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாக வீடு சேர்த்தவள். அவளிடம் படித்தவர்கள் திட்டிக்கொண்டே படித்தார்கள். முடித்த கையோடு தங்கையையும் மருமகளையும் அவளிடமே அனுப்பினார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் தாடை மக்கர் செய்தது. காதுக்கு முன்னால், தாடை பொருந்தும் மூட்டில் முதலில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு காலையில் எழும்போதே ராத்திரி முழுக்கக் கருங்கல்லை மென்றவள் போல வலி. கடைசியில் வாயே பாதிதான் திறந்தது. வாயைத் திறந்தால்தானே அவளுக்குப் பிழைப்பு! கத்த முடியாத பிரேக் அக்காவைப் பள்ளி முதலாளி எத்தனை நாள் வைத்திருப்பார்? உள்ளுக்குள் பயந்தாள். வெளியே காட்டுவாளா, காட்டவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கணவர். கணக்கு வாத்தியார்தான், ஆனால் இதற்குக் கணக்கு தேவைப்படவில்லை.

"தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிற. எலிதான் அலமாரியைக் குடையுதுன்னு எந்திரிச்சு வேற பாத்தேன்."

பளபளவென்று மின்னும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அவர் அவளைக் கூட்டிப்போனார். டாக்டர் அவள் பற்களைப் பெரிய திரையில் காட்டினார். நுனியெல்லாம் தேய்ந்திருந்தது.

"மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியா உக்காரலைங்க. அதனாலதான் மூட்டு வலிக்குது. எல்லாப் பல்லையும் கொஞ்சம் சீவி, மேல உறை மாதிரி கேப் மாட்டிட்டா தொல்லை விட்டுது."

கணவர் அதற்குள் தலையாட்டத் தொடங்கிவிட்டார். அவள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "டாக்டர், சீவின பிறகும் வலி போகலைன்னா பழையபடி ஆக்கிக்க முடியுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "சீவினது சீவினதுதாங்க."

"அப்ப திரும்பி வரக்கூடிய வழி எதுவோ, அதை முதல்ல பாத்துட்டு வரேன். ரிவர்ஸ் எடுக்க முடியாத சந்துக்குள்ள நான் யாரையும் வண்டிய விடச் சொன்னதில்லை. நானும் விட மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். பின்னால் நின்ற கணவர் ஓசைப்படாமல் பல் சீவ ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு வந்தது வேறு கதை.

தாடை மூட்டுக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைத் தேடிப் போனாள். அந்த அம்மாள் காதோரம் விரலை வைத்து வாயைத் திற, மூடு என்றார். கன்னத்தை அழுத்திப் பார்த்தார். தூக்கம், குறட்டை, காபி, சாப்பிடுகிற மாத்திரை என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார்.

"மூட்டு கெட்டுப்போகலைங்க. தசைதான் ஓய்வில்லாம உழைச்சு நொந்துபோயிருக்கு. கடினமானதை மெல்லாதீங்க. வெந்நீர் ஒத்தடம் கொடுங்க. பயிற்சி சொல்லித்தர்றேன். ராத்திரி பல்லு மேல மாட்டிக்க, அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் தட்டு செஞ்சு தர்றேன். அது பல் தேயாம காக்கும். ஆனா கடிக்கிறதையே அது நிறுத்திடும்னு சொல்ல மாட்டேன்."

"அந்த 'டிக்' சத்தம்?"

"வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம். மூணு மாசம் பொறுங்க. சரிவரலைன்னா மறுபடி யோசிப்போம், எதையும் வெட்டித் தொலைக்கலையே. இன்னொண்ணு, சும்மா இருக்கும்போது பல்லோட பல் படவே கூடாது. பகல்ல எப்பக் கடிக்கிறீங்கன்னு நீங்களே கவனிங்க."

"பகல்ல நான் கடிக்கிறதே இல்லையே!"

டாக்டரம்மா சிரித்தார், அவ்வளவுதான்.

மறுநாள் வண்டி ஓட்ட வந்தவள் ஒரு நர்ஸ். தெருமுனையில் திரும்பினாள். பிரேக் அக்காவின் கால் மிதியை அழுத்தியது, அதே நொடியில் பல்லும் கிட்டித்துப் போனது. அட! காலுக்கும் தாடைக்கும் ஒரே கம்பி போட்டிருக்கிறது போலும். சிக்னலுக்கு முன்னால் மிதித்தாள், கடித்தாள். சிவனே என்று படுத்திருந்த நாயைப் பார்த்தும் மிதித்தாள், கடித்தாள். பாதி இடத்தில் அந்த நர்ஸே தன் பிரேக்கில் கால் வைத்திருந்தாள். இத்தனை வருஷமும் பிள்ளைகளை ஓட்டவே விடாமல் பாதியைத் தானே ஓட்டியிருக்கிறோம் என்று புரிந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மிதிக்குப் பக்கத்தில் தயாராக வைத்தாள். உதடு மூடியிருக்கும், பல் விலகியிருக்கும். சொல்வது சுலபம்! ஒவ்வொரு வகுப்பும் முடிவதற்குள் தலை சுற்றியது. ஒரு மாதம் ஆகியும் வலி அசையவில்லை.

கணவர் பொறுமையிழந்தார். "வெள்ளிக்கிழமைக்குத் தேதி வாங்கி வெச்சிருக்கேன். பேசாம சீவிடலாம். நீ சாப்பிடும்போது முகத்தைச் சுளிக்கிறியே, என்னால பாத்துட்டு இருக்க முடியல."

குறித்துவந்த தேதிக்காக அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். கடைசி வார்த்தையைக் கேட்டு அடங்கிவிட்டாள். "வலி எனக்கும் போகணுங்க. ஆனா பல் போனா வராது. டாக்டரம்மா சொன்ன கெடு முடியட்டும்."

அவர் தேதியைத் தள்ளிவைத்தார். ரத்து செய்யவில்லை.

மூன்றாம் மாதம் காலை வலி குறைந்திருந்தது. பகலில் கடிப்பது நின்றதா? அதைச் சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தாள். 'உன்கிட்ட வண்டி கத்துக்கிட்டா குடும்பம் ரெண்டாயிடும்' என்று பல வருஷமாக நழுவிவந்த கணவரைப் பிடித்திழுத்தாள். "என் தாடைக்கு உங்களைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. வந்து உக்காருங்க."

சில வாரம் காலி மைதானத்தில் சுற்றவைத்து, ஒருநாள் பெரிய சாலைக்குக் கொண்டுவந்தாள். பக்கத்துச் சந்திலிருந்து தண்ணீர் லாரி ஒன்று திடுதிப்பென்று தலையை நீட்டியது. அவளுக்கு நெஞ்சு பதறியது. கால் மிதியின் மேல் வந்து நின்றது. பல் மட்டும் சேரவில்லை. வண்டி நின்றது.

"நீ மிதிச்சியா?" அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இல்லீங்க. நீங்கதான்."

அப்புறம் அவரைப் பிடிக்க வேண்டுமே! நிமிர்ந்து உட்கார்ந்து ராஜா மாதிரி ஓட்டினார். சாலை நேராக, காலியாகக் கிடந்தது. பிரேக் அக்காவுக்குக் கொட்டாவி வந்தது. டாக்டரம்மா பழக்கியபடி மோவாய்க்குக் கீழே கையை முட்டுக்கொடுத்து, நிதானமாக, கண்ணில் நீர் வரும்வரை கொட்டாவி விட்டாள். பயிற்சிக் காரில் அவள் விட்ட முதல் கொட்டாவி அதுதான்.

"என்ன, நான் ஓட்டறது தூக்கம் வர்ற மாதிரியா இருக்கு?" என்றவருக்குச் சட்டென்று உறைத்தது. "ஏய், உனக்கு வாய் முழுசாத் திறந்துச்சு! வலிக்கலியா?"

"ரோட்டைப் பாருங்க!" என்று வாய் நிறையக் கத்தினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "வலிக்கல. அந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. என் பல் என்கிட்டயே இருக்கட்டும்."

சந்தோஷத்தில் அவர் கை போனைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது.

"இப்பவா? ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க!"

அவர் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், அலுங்காமல் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் கால் தரையிலேயே இருந்தது.