பஸ்ஸுவின் லாரி கிளம்பாத வியாழக்கிழமை

அட்லஸ் மலையில் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போக இருந்தது ஒரே ஒரு லாரி. அதை ஓட்டியவர் பஸ்ஸு. ஈயச் சுரங்கம் ஒன்றில் கழித்துக் கட்டிய அந்த ஆங்கிலேய லாரியை 1971ஆம் ஆண்டு தம் முப்பதாவது வயதில் வாங்கினார். அதன்பின் ஒவ்வொரு புதன்கிழமையும் சந்தைக்கு ஆடுகளையும், ஆடுகளுக்கு மேலே பலகை போட்டு ஆட்களையும் ஏற்றிச் சென்றார். திரும்பும்போது மாவு மூட்டைகளையும் சர்க்கரைக் கூம்புகளையும் கொண்டுவந்தார். பனியால் பாதை மூடிய வாரங்களைத் தவிர, அவர் போகாத புதன்கிழமை ஒன்றைக்கூட எவரும் எனக்குச் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் இரவு தோறும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், அடுப்பங்கரையில் கம்பளி போர்த்தி வைப்பார். ஆட்டு வியாபாரி ஸெக்கு இதை விடாமல் கேலி செய்வார். “பஸ்ஸு வீட்டுல பேட்டரிக்குத்தான் கம்பளி, பொண்டாட்டிக்கு வெறும் பாய்” என்பார். பஸ்ஸுவின் மனைவி யம்னா அதற்கு, பேட்டரி குறட்டை விடுவதில்லை என்று பதில் சொன்னதாகப் பெண்கள் நினைவுகூர்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், தூதா. தம்தா கணவாய்க்கு அப்பால், அக்தீம் ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

1994 ஜனவரியில் ஒரு புதன்கிழமை, சந்தையிலிருந்து திரும்பிய பஸ்ஸு அந்தி வேளையில் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினார். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் அணையாது. முன்பலகையின் இடக்கோடியில் உள்ள ஒரு குமிழை வெளியே இழுக்க வேண்டும். பம்புக்குள் டீசலின் வழி அடைபட்டு எஞ்சின் நின்றுபோகும். நின்றதும் குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிட வேண்டும். பஸ்ஸு குமிழை இழுத்தார். எஞ்சின் நின்றது. அதே கணத்தில், வாசலில் காத்திருந்த அக்தீம் ஆள் கோவேறு கழுதையை விட்டு இறங்கி வந்து கதவோரம் நின்றார். பிரசவித்து ஒன்பதாம் நாள் வந்த காய்ச்சலில் தூதா அன்று விடியற்காலை இறந்துவிட்டாள் என்று சொன்னார். பஸ்ஸு கீழே இறங்கினார். குமிழ் வெளியிலேயே நின்றது.

அக்தீமிலிருந்து வந்த செய்தி தெளிவானது. மகளைக் குளிப்பாட்டித் துணி உடுத்துவது தாயின் உரிமை. யம்னா வருவதற்காக மறுநாள் நண்பகல் தொழுகை வரை காத்திருப்பார்கள், அதற்கு மேல் வைத்திருக்க இயலாது. பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. ஆகவே குளிப்பாட்டும் நேரத்தில் பார்த்தால்தான் யம்னாவுக்கு மகள் முகம். இருட்டில் கணவாயைக் கடப்பவர் எவரும் இல்லை. பகலில் லாரிக்கு நான்கு மணி நேரப் பாதை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குப் போய்விடலாம்.

மறுநாள் காலை நேரங்களை நான் ஐந்து பேரிடம் தனித்தனியே கேட்டுக் குறித்திருக்கிறேன். பெரிய வேறுபாடு இல்லை.

ஆறரை மணிக்கு யம்னா வெள்ளைத் துணி மூட்டையுடன் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பஸ்ஸு பேட்டரியை மாட்டிச் செல்ஃப் அடித்தார். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. புகைக்குழாயில் பொட்டுப் புகை இல்லை. அவருடன் பதினைந்து ஆண்டுகளாக ஓடும் துணையாள் ஹத்து, குழாய் முனையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, டீசல் உறைந்துவிட்டது என்றார்.

அப்படி நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் குளிர்காலக் காலையில் லாரி கிளம்பவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை காரணம் அதுதான். கேட்டவரெல்லாம் தம் வீட்டு அடுப்பிலிருந்து தணலை அள்ளிக்கொண்டு ஓடிவருவதும் ஊர் வழக்கம்தான். அன்று பதினேழு வீட்டுத் தணல் வந்தது. டாங்கிக்கு அடியில் ஒரு தகரத்திலும், ஆயில் சட்டிக்கு அடியில் ஒரு தகரத்திலும் பரப்பினார்கள். டீசல் வடிகட்டிமேல் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றினார்கள்.

ஏழரைக்கு மீண்டும் செல்ஃப் அடித்தார். புகை இல்லை.

பஸ்ஸு வடிகட்டியின் திருகைத் தளர்த்திக் கை பம்பை அடித்தார். டீசல் இளஞ்சூடாக, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் வழிந்தது. உறைந்திருந்தால் இப்படி வராது. பம்பிலிருந்து எஞ்சினுக்கு டீசல் போகும் நாசில் குழாய் ஒன்றை அவிழ்த்துவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அங்கே ஒரு சொட்டு வரவில்லை. பம்பு வரை டீசல் வருகிறது, பம்பைத் தாண்டிப் போகவில்லை. வேறொரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் அவர் கை தானாகவே குமிழுக்குப் போயிருக்கும் என்று ஹத்து சொல்கிறார். அன்று பம்பே இறுகிவிட்டது என்று முடிவு செய்தார்.

எட்டரைக்கு, சரிவில் உருட்டிப் பார்ப்போம் என்றார்கள். இருபது பேர் தள்ளினார்கள். லாரி குலுங்கிக் குலுங்கி ஆற்றங்கரை வரை போய்ச் சமதரையில் நின்றது. பேட்டரியும் சோர்ந்துவிட்டது. ஸெக்கு அன்று கேலி பேசவில்லை. அரவை ஆலைக்கு ஓடி, அங்கிருந்த பேட்டரியைத் தோளில் சுமந்து வந்தார். அமிலம் சிந்தி அவருடைய மேலங்கியில் விழுந்த ஓட்டை இன்றும் இருக்கிறது.

பஸ்ஸு பம்பின் பக்கத் தகட்டைக் கழற்றத் தொடங்கினார். விரல்கள் வெடித்து இரத்தம் வந்தது.

“அண்ணே, கையைக் காயவச்சுட்டு வாங்க, நான் பாக்குறேன்” என்றார் ஹத்து.

“நேரம் என்னாச்சு?”

“அத விடுங்க.”

“என்னாச்சுடா?”

“ஒன்பதே முக்கால்.”

காலையிலிருந்து வண்டிக்குள்ளேயே இருந்த யம்னா, கண்ணாடியை இறக்கினார். லாரி விஷயத்தில் அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அது ஆண்களின் வேலை.

“இங்க பாருங்க,” என்றார். “இது எப்பவும் உள்ள தானே இருக்கும்? காலையில இருந்து வெளிய நிக்குது. நீங்கதான் வேணும்னு இழுத்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

பஸ்ஸு ஏறிப் பார்த்தார். உள்ளங்கையால் குமிழைத் தள்ளினார். அவிழ்த்த குழாயையும் தகட்டையும் ஹத்து மாட்டி முடித்ததும் செல்ஃப் அடித்தார். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவரவர் வீட்டைப் பார்த்து மேட்டில் ஏறினார்கள். மணி பத்தே கால்.

கணவாயின் உச்சியில் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்ட அரைமணி போயிற்று. அக்தீமில் தொழுகைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். பிறகு வடக்கே மேகம் கறுத்தது. மண் இறுகும் முன் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மணிக்கு லாரி ஊருக்குள் நுழைந்தபோது, மண்வெட்டிகளுடன் ஆண்கள் எதிரே வந்தார்கள்.

சம்பந்தி பஸ்ஸுவின் தோளைப் பிடித்துக்கொண்டு, குளிர்தானே, டீசல் உறைந்திருக்கும், யார் மேலும் குற்றமில்லை என்றார். பஸ்ஸு வாயைத் திறந்தார். முந்திக்கொண்டது யம்னா.

“ஆமா. உறைஞ்சுபோச்சு” என்றார்.

பிறகு பெண்கள் இருந்த அறைக்குள் போனார். தூதாவைக் குளிப்பாட்டியவள் அவளுடைய நாத்தனார் ரக்கியா. யம்னா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் சூடாக இருந்ததா, தலைமுடியை மூன்றாகப் பின்னினார்களா, முகத்தில் ஏதும் வேதனை தெரிந்ததா என்றெல்லாம் கேட்டார். கதவுக்கு வெளியே சுவரோரம் அமர்ந்திருந்த பஸ்ஸுவுக்கு எல்லாம் கேட்டது.

“இடது காதுக்குப் பின்னால ஒரு தழும்பு இருக்குமே,” என்றார் யம்னா. “சின்னதுல கொள்ளி பட்டது. அங்க தண்ணி பட்டாலே அழுவா. அந்த எடத்துல மெல்லமா ஊத்துனியாம்மா?”

“மெல்லமாத்தான் ஊத்துனேன் அத்தை.”

ரக்கியா இப்போதும் அக்தீமில்தான் இருக்கிறார். சென்ற ஆண்டு நான் போய்க் கேட்டபோது, அப்படி ஒரு தழும்பைத் தாம் பார்க்கவே இல்லை என்றார். தூதாவின் குழந்தையை அப்போது மடியில் வைத்திருந்ததாகவும், யம்னா அந்தக் குழந்தையைக் கேட்டு வாங்க வெகுநேரம் ஆனதாகவும் சொன்னார்.