பஞ்சர் கடை மேல் ஒரு கோடு

அந்த நெடுஞ்சாலைச் சந்திப்பின் மூலையில் பதினெட்டு வருடமாகப் பஞ்சர் ஒட்டிவந்தவருக்கு, எந்த வண்டி எங்கே திணறும் என்பது அத்துப்படி. சந்திப்பை மாற்றியமைக்கக் கருத்துக் கேட்ட கூட்டத்தில் ஆளாளுக்கு மேம்பாலம் கேட்டார்கள். அவர் வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"இடது பக்கம் திரும்புற லாரிக்குத் தனி வழி விடுங்க மேடம். பாதி நெரிசல் அதாலதான்."

கூட்டத்தை நடத்திய பெண் பொறியாளர் உற்றுப் பார்த்தார். "கோடு உங்க கடை மேலயே போகுதே, அண்ணா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வழி வந்தது, நெரிசல் பாதியாகக் குறைந்தது. கடை பெட்ரோல் பங்க் அருகே மாறியது. அங்கே வெயில் அதிகம், வேலை கொஞ்சம் குறைவு.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, "ஊருக்கு வழி விட்டாச்சு. இந்த வெயிலுக்கும் ஒரு வழி பண்ணுங்க" என்றாள்.

மறுநாளே தகரக் கூரை போட்டார்.