பாம்புப் பெட்டியும் என் ரப்பர் கையும்

பாம்புப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது நான் கையுறை போட்டுக்கொண்டேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான். இதற்காகப் புகுந்த வீட்டில் என்னை என்ன பாடு படுத்தினார்கள் என்று எழுதப்போகிறேன். படித்துவிட்டு, 'பெரியவர்தானே, கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே' என்று சொல்கிறவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். அனுசரித்துப் போவது எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

சித்தூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வேலை பழகியவள் நான். கல்யாணமாகி வந்தது நாராயணவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு. வேர்க்கடலை பயிரிடும் குடும்பம். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மாமனார், அவருடைய மூத்த மகன், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை, என் வீட்டுக்காரர், நான். இத்தனை பேரோடு ஒரு சாரைப்பாம்பு.

விதைக்கடலை மூட்டை அடுக்கியிருந்த அறையில் எலி தின்றது போக மிச்சம்தான் ஒரு காலத்தில் விதைப்புக்குப் போகுமாம். ஒரு மழைக்காலத்தில் குட்டிச் சாரை ஒன்று உள்ளே வந்திருக்கிறது. மாமனார் அதை அடிக்கவில்லை. பலகைப் பெட்டி செய்து, மேலே கம்பி வலை போட்டு, வளர்த்தார். பகலில் பெட்டி, மற்ற நேரத்தில் அறை முழுக்க அதன் ராஜ்யம். நான் வந்தபோது அது ஆள் உயரத்துக்கும் மேல் நீளம் இருந்தது. மாமனார் அதைத் 'தாயீ' என்று கூப்பிடுவார். மகன்களிடம் கூட அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெட்டியைச் சுத்தம் செய்வது சின்ன மருமகள் வேலை என்றார்கள். சரி என்றேன். பாம்பு எலியைத் தின்றால் இரண்டு மூன்று நாளில் கழியும். கறுப்பும் வெள்ளையுமாக, சுண்ணாம்பைக் குழைத்து ஊற்றியது மாதிரி. நாற்றம் குடலைப் பிடுங்கும். சட்டை உரிக்கிற சமயத்தில் உடம்பை நனைத்துக்கொள்ளத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ச் சுருண்டு படுக்கும். அந்தத் தண்ணீரிலேயே கழிந்தும் வைக்கும். தொட்டி என்றால் சின்னக் கல்தொட்டி, ஏழெட்டுப் படி பிடிக்கும்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது, ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்ட ரப்பர் கையுறை இரண்டு ஜோடியைப் பெரிய சிஸ்டரம்மா எனக்குக் கொடுத்திருந்தார். முதல் நாளே அதைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டேன். கொழுந்தனார் முறை வருகிற பங்காளிகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"சாரை கடிச்சா இந்த ரப்பர் நிக்குமா அண்ணி?" என்று ஒருவர் சிரித்தார்.

"பல்லுக்குப் போடல. பீக்குப் போட்டுக்கினு கீறேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. புதுப்பெண் வாயில் அந்த வார்த்தை வரக் கூடாதாம்.

எனக்கென்று ஒரு வாளி, ஒரு துடைப்பம், ஒரு சிவப்பு சோப்பு வைத்துக்கொண்டேன். வெந்நீர் விட்டுத் தேய்ப்பேன். தொட்டியை வெயிலில் கவிழ்ப்பேன். பிறகு கையுறையோடு கையைச் சோப்பு போட்டுக் கழுவி, உள்பக்கம் வெளியே வரும்படி உருவி, வெறுங்கையை மறுபடி கழுவுவேன். கையுறையை வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும் என்பதால் மாட்டுக் கொட்டகை நிழலில் கயிற்றில் தொங்கவிடுவேன். பால் கறக்க வந்த ஆள், அறுத்த கை தொங்குகிறது என்று செம்பைப் போட்டுவிட்டு ஓடினான். அதற்கும் எனக்குத்தான் திட்டு.

மாமனார் வழக்கம் வேறு. தினமும் காலையில் பெட்டிக்குள் வெறுங்கையை விட்டுப் பாம்பைத் தடவுவார். ஈரமோ அழுக்கோ பார்க்க மாட்டார். அந்தக் கையை அப்படியே இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். அடுத்த நிமிஷம் குழந்தையைத் தூக்கி, அதே கையால் கேழ்வரகுக் களியைக் கிள்ளி வாயில் ஊட்டுவார்.

இத்தனைக்கும் தீட்டுப் பார்க்காத வீடு இல்லை அது. ஊரில் யாருக்காவது வலி எடுத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிரசவம் பார்த்துவிட்டு வந்தால் கொல்லைப்புறமாக வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, புடவை மாற்றினால்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம். நான் முணுமுணுக்காமல் செய்தேன். நல்ல பழக்கம்தானே. ஆனால் ஒரு தாயின் ரத்தம் பட்டால் தலைமுழுக்கு, பாம்பின் மலம் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்றால், அது என்ன நியாயம்? கேட்டேன். ஓரகத்திதான் பதில் சொன்னாள்.

"அது சாமிடீ. சாமிக்கும் உனுக்கும் ஒண்ணா?"

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தீராமல் இருந்த வருஷங்கள் அவை. மாமனார் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய், எங்கள் ஊர் தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்று தொண்டை கட்டக் கத்திவிட்டு வருவார். அவர் ஊருக்கு எல்லை கேட்டார். நான் கிணற்றடிக்கு எல்லை கேட்டேன். இந்தப் பக்கம் பாம்புச் சாமான், அந்தப் பக்கம் சமையல் சாமான். இரண்டும் கேட்டபடி கிடைக்கவில்லை.

தீபாவளி கழிந்து நாகுல சவிதி வந்தது. தெலுங்குக்காரர்கள் வீட்டுப் பண்டிகை. எங்கள் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்களும் கொண்டாடும். புற்றுக்குப் போய்ப் பால் ஊற்றி, புற்று மண்ணைப் பிள்ளைகள் காதில் தடவுவார்கள். அந்த வருஷம் மழை விடவில்லை. புற்றெல்லாம் கரைந்துவிட்டது. உயிரோடு நாகம் இருக்கும் வீடு இருக்கப் புற்று எதற்கு என்று தெருவே எங்கள் வீட்டுக்கு வந்தது. சாரைப்பாம்பு நாகமாகிவிட்டது. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

முந்தின நாள் பாம்பு சட்டை உரித்திருந்தது. தொட்டி இருந்த நிலையைச் சொன்னால் சாப்பாடு இறங்காது. நான் கையுறையோடு போனேன். மாமனார் வாசலை மறித்துக்கொண்டார்.

"இன்னிக்கி நல்ல நாளு. ரப்பரால தாயியத் தொடாதே. கழட்டிட்டு வா."

"கழட்டிட்டுச் செய்ய மாட்டேன் மாமா."

"அப்போ நீ தொடவே வாணாம்."

அவரே தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துத் திரும்ப வைத்தார். சோப்பு இல்லை, வெந்நீர் இல்லை. பால் ஊற்றினார்கள். பாம்பு அதில் ஒரு முறை புரண்டு எழுந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மாமனார் செய்ததை என் ஆயுளில் மறக்க மாட்டேன். அந்தப் பாலைச் செம்பில் மொண்டு, தீர்த்தம் என்று குழந்தைகளுக்கு உத்தரணிக் கரண்டியால் ஒவ்வொரு கரண்டியாக ஊற்ற ஆரம்பித்தார். முதலில் தன் பேத்திக்கு. பிறகு இரண்டு குழந்தைகளுக்கு.

"குடுக்காதீங்க! அதுல பாம்பு கழிஞ்சிருக்கு!" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. நான்காவது குழந்தை வாயைத் திறந்துகொண்டு நின்றது. செம்பை அவர் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, ஏமம்மா, தேவுடி பாலு!" சாமி பாலாம்.

என் வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே விட்டார்.

மறுநாள் மதியம் ஓரகத்தியின் குழந்தைக்கு வாந்தி. சாயங்காலத்துக்குள் வயிற்றுப்போக்கு, அனல் மாதிரி காய்ச்சல். தீர்த்தம் வாங்கிய மற்ற இரண்டு குழந்தைகளுக்கும் அதேதான். சாக்கடையில் நான் கவிழ்த்ததால் தப்பிய குழந்தை ஒரு நோவும் இல்லாமல் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. கண் முன்னால் இருந்த இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. சாமி பாலைச் சாக்கடையில் கொட்டினாள், நாகதோஷம் பிடித்துவிட்டது என்றார்கள்.

"எம் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா உன்ன உயிரோட வுட மாட்டேன்" என்றாள் ஓரகத்தி. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. பெற்றவளுக்கு வேறு என்ன பேச வரும்?

ஓடையில் வெள்ளம். ஆஸ்பத்திரி இருக்கிற புத்தூருக்கு வண்டி போகாது. நான்தான் இருந்தேன். கொதித்து ஆறிய தண்ணீரில் கஞ்சி வடித்து, உப்பும் கொஞ்சம் வெல்லமும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி. அதே கஞ்சியை மற்ற இரண்டு வீடுகளுக்கும் காய்ச்சிக் கொடுத்தேன். ஓரகத்தி முதலில் என்னைத் தள்ளினாள். அப்புறம் தானே கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் துணியை அலசும்போது என் இரண்டாவது ஜோடி கையுறையை அவள் பக்கம் நகர்த்தினேன். போட்டுக்கொண்டாள். சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மூன்றாம் நாள் குழந்தை நன்றாகச் சிறுநீர் கழித்தது; உடம்பில் தண்ணீர் தங்கிவிட்டது. நாங்கள் இருவரும் அந்த ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதோம்.

பிழைத்தது என் கஞ்சியால் அல்ல என்று தெரு தீர்மானித்தது. மாமனார் திருப்பதிக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருந்தாராம். பெருமாளுக்கு முடி, எனக்கு வசவு. போகட்டும், மூன்று குழந்தைகளும் பிழைத்தன.

ஆனால் மாமனார் விடவில்லை. தெரு பார்க்கப் பெட்டி முன்னால் நின்று, வெறுங்கையால் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் என் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு சித்தூருக்குப் போய்விட வேண்டும்.

"ஒரு கும்புடுதானே. போட்டுட்டுப் போயேன். நைனா மனசு ஆறிடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவரு மனசு ஆறிடும். அடுத்த சவிதிக்கு யார் வூட்டுக் கொழந்த?" என்றேன்.

நான் என் தகரப் பெட்டியை இறக்கிப் புடவைகளை அடுக்கினேன். பயமாகத்தான் இருந்தது. சித்தூரில் அம்மா வீட்டில் எனக்கு என்ன வரவேற்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாழாவெட்டி என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை? இருந்தாலும் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க என் வாய் வளையாது.

காலையில் தெரு கூடியது. பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மாமனார் அப்போதுதான் பாம்பைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார். நான் இரண்டு கையிலும் கையுறை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். அந்தக் கையைக் குவித்தேன்.

"தாயீ, உம் மேல எனுக்குக் கோவம் இல்ல" என்று பாம்பைப் பார்த்துச் சொன்னேன். "நீ எலி துன்னுறே, கழியிறே. அது உன் பொழப்பு. அத எடுத்துக் கொழந்த வாயில ஊத்துனது மனுசன். நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"கழட்டுடீ அத!" என்று மாமனார் உறுமினார். அவர் என்னை 'டீ' போட்டுக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான்.

நான் கழற்றவில்லை. வெளியே என் தகரப் பெட்டி தயாராக இருந்தது. அப்போது ஓரகத்தியின் இடுப்பில் இருந்த குழந்தை, நோய் தின்று ஈர்க்குச்சியாகிவிட்ட கைகளைத் தாத்தாவிடம் நீட்டியது. அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. கோபத்தை மறந்து அதைத் தூக்க வந்தார்.

ஓரகத்தி ஓரடி பின்னால் போனாள்.

"கை கழுவிக்கினு வாங்க மாமா" என்றாள். "கழுவாம எம் பொண்ணத் தொடாதீங்க. அவ சொன்னது நெசம்."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். குழந்தை 'தாத்தா' என்று சிணுங்கியது. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மெல்ல நடந்து போய்க் கிணற்றடியில் குனிந்து கையை நீட்டினார். ஓரகத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே செம்பால் தண்ணீர் ஊற்றினாள். சிவப்பு சோப்பை நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஏனோதானோவென்று தேய்த்துவிட்டு எழப் பார்த்தார்.

"நகத்துக்குள்ள போவல மாமா, இன்னொரு தபா தேய்ங்க" என்றேன். தேய்த்தார்.