நான் கழற்றிய இரும்புக் கவர்

ஏழுமலை அண்ணனின் வலது கண் போனதற்கு நான்தான் காரணம். அவர் அல்ல. நான்!

எழுதிவிட்டேன். இதுவரை ஒருவரிடமும் சொல்லாத வாக்கியம் இது. உங்களுக்கு அவரைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேனோ? இருக்கலாம். அதுவும் கோழைத்தனம்தான்.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் சாலையில், ஓடாமல் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் கொட்டகையில் எங்கள் பொதுப்பட்டறை இருக்கிறது. சொந்தமாக மெஷின் வாங்க வசதியில்லாத வெல்டர்களும் தச்சர்களும் சங்கம் சேர்ந்து நடத்துவது. டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், சுத்தியல், ஸ்பேனர்... எல்லாம் எல்லாருக்கும் பொது. எல்லாமே ஒரு மூலையில் குவியலாகக் கிடக்கும். ஒரு ஸ்பேனரைத் தேடி எடுப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

கரும்பு வெட்டும் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். விழுப்புரத்தில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் முகம் காட்டக் கூசிக்கொண்டிருந்த காலம். சங்கத் தலைவர் தனபால் அண்ணன்தான் கூப்பிட்டார். "நீ படிச்ச புள்ள. இந்தக் குப்பைய ஒரு ஒழுங்குக்குக் கொண்டாயேன்பா."

படிச்ச புள்ள! அந்தச் சொல்லுக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

செய்தேன். சுவர் முழுக்கப் பலகை அடித்து மஞ்சள் வண்ணம் பூசினேன். ஒவ்வொரு கருவியையும் பலகைமேல் வைத்து, சுற்றிலும் கோடு இழுத்து, அந்த உருவத்தைக் கறுப்பாகத் தீட்டினேன். கருவியை எடுத்தால் அதன் நிழல் மட்டும் சுவரில் நிற்கும். எழுத்துத் தெரியாதவருக்கும் எது எங்கே திரும்ப வேண்டும் என்று புரியும். அதற்குக் கீழே மெஷின்களுக்காக, ஒரே அளவில், வரிசையாக மர அறைகள்.

ஏழுமலை அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். இரும்புக் கேட்டும் கட்டிலும் செய்கிறவர். கட்டிங் மெஷினை அதிகம் எடுப்பவர் அவர்தான்.

"இன்னாபா இன்ஜினியரே, பொண்ணு பாக்க வர்றாங்கன்ற மாதிரி செவுரு சிங்காரிச்சிக்கினு நிக்கிது! இதுல எடுத்து வேல செய்யறதா, கும்புட்டுட்டுப் போறதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. கையில் பிடித்து இரும்பு அறுக்கும் அந்தக் கட்டிங் மெஷின். சுழலும் வீலைப் பாதி மூடினாற்போல அதில் ஓர் இரும்புக் கவர் உண்டு. வீல் உடைந்தால் துண்டு முகத்தில் அடிக்காமல் தடுப்பது அதுதான். கவரோடு மெஷின் என் அறைக்குள் நுழையவில்லை. ஒரு விரல் அகலம் போதவில்லை! நான்தான் குறுகலாக அளந்துவிட்டேன்.

அறையை அறுத்துப் பெரிதாக்கியிருக்கலாம். வரிசை கோணலாகிவிடுமே... மறுநாள் பட்டறையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் மெச்சினால் இன்னும் சில மெஷின்கள் கிடைக்கும் என்று பேச்சு.

பக்கத்தில் யாருமில்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். கவரைத் திருப்பி உருவினேன். உபரிச் சாமான்கள் போட்டிருந்த தகரப்பெட்டிக்குள் அதைப் போட்டேன். அளவெடுத்துத் தைத்தாற்போல மெஷின் அறைக்குள் உட்கார்ந்தது.

நாளைக்கு மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான்!

வந்தவர்கள் மெச்சினார்கள், போட்டோ எடுத்தார்கள். அப்பாவும் ஓர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மறுநாள் நான் கவரை மாட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

மறந்தேனா? இல்லை! தகரப்பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் நினைவு வந்தது. கவரை மாட்டினால் மெஷின் தரையில்தான் கிடக்கும். என் வரிசையில் ஓர் அறை காலியாக நிற்கும். அதை என்னால் சகிக்க முடியவில்லை. ஒரு மனிதனின் கண்ணைவிட அது பெரிதா என்று அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சில நாட்களில் அந்த மெஷினை எடுக்கும் வேலை யாருக்கும் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலை, ஏழுமலை அண்ணன் கேட்டுக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். நான் பலகையில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். வீல் இரும்பில் சிக்கியது. பட்டாசுபோல ஒரு சத்தம்... திரும்பிப் பார்க்கையில் அவர் மல்லாந்து கிடந்தார். பின்தலை சிமெண்ட் தரையில் மோதியிருந்தது. முகத்தில்... வேண்டாம், அதை நான் எழுதப்போவதில்லை.

புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் பிழைத்தது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் பட்டறையில் எல்லாரும் மெஷினைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். "கவரு எங்கபா?" என்றார் தனபால் அண்ணன். நான் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினேன். எங்கிருந்து எடுத்தேன் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

"கழட்டிக் கடாசிட்டு அறுத்துக்கினு இருந்திருக்கான் பாரு! எத்தினி வாட்டி சொல்றது? இன்னாபா, நீ படிச்சவன், சொல்லு. இது தானா கழண்டுக்குமா?"

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது.

"தானா கழலாதுங்கண்ணா... வேல செய்யறவங்க கழட்டி வெச்சிடறது சகஜந்தான்."

நான் சொன்ன இரண்டுமே உண்மை. எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள்! பொய் சொல்லவில்லை நான்... பொய்யைவிடக் கீழான ஒன்றைச் செய்தேன். படித்த படிப்பு முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கைகொடுத்தது.

இனி அவர் மெஷினைத் தொடக்கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. நான் எதிர்த்து வாய் திறக்கவில்லை.

அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அஞ்சலை அண்ணி மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதுவரை கூலி வேலைக்குப் போகாதவர்.

"இந்த ஆளுக்கு எல்லாத்துலயும் ஜல்திதான் தம்பி. கழட்டாதன்னா கேக்கணுமா வேணாமா? இப்ப பாரு, எம்மாம் பேஜாரு!"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் திட்டை எல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அண்ணி போனபின் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கி நடந்தது ஒண்ணுமே நெனப்புல இல்லபா. தலைல அடிபட்டதுல போயிடுச்சி. ஆனா மின்ன மெட்ராஸ்ல வேல செஞ்ச எடத்துல கவரக் கழட்டிட்டுத்தான் அறுப்போம். கைப்பழக்கம்... நாந்தான் கழட்டியிருப்பேன். வேற யாரு?"

வேற யாரு! கட்டுப் போடாத கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வாசல் திறந்துதான் இருந்தது. நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். இதைவிட நல்ல தருணம் இனி எனக்கு எப்போது வாய்க்கும்?

"நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணா" என்றேன்.

"நீ அம்மாம் அழகா அடுக்கி வெச்ச. என்னால ஒனக்குக் கெட்ட பேரு. மனசுல வெச்சிக்காதபா."

மன்னிப்பை... அவர் என்னிடம் கேட்டார்!

திரும்பிவந்த கையோடு மர அறையை அறுத்துப் பெரிதாக்கினேன். கவரோடு மெஷின் உள்ளே போனது. ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை அது. அவ்வளவுதான் அது.

பின்னர் சங்கம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடத்தத் தொடங்கியது. ஏழுமலை அண்ணனைப் பேசச் சொன்னார்கள். "என்ன மாதிரி பண்ணாதீங்கபா" என்று தொடங்குவார். கூட்டம் அடங்கிவிடும். இப்போது வேறு ஊர்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார், மாலை போடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் அந்த மரியாதையும் போய்விடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எத்தனை வசதியான இரக்கம் பார்த்தீர்களா!

நாளைக்கு விழுப்புரத்தில், தொழிற்பயிற்சி மாணவர்களிடம் அவர் பேச வேண்டும். நான்தான் வண்டியில் அழைத்துப்போகிறேன். அதற்காக இன்று மாலை பட்டறைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"பசங்க எடக்கா கேக்கறானுங்கபா. போன தபா ஒருத்தன், எப்டிண்ணா கழட்டுனீங்கன்றான். நெனப்பில்லன்னேன். கத வுடுறாருன்னு சிரிக்கறானுங்க. நீ மெக்கானிக்கல் படிச்சவன். எப்டிக் கழட்டியிருப்பேன், சொல்லிக்குடு."

மெஷினை எடுத்து மேசையில் வைத்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அச்சமாக இருக்கிறது. "மொதல்ல இந்த ஸ்க்ரூவ லூஸ் பண்ணியிருப்பீங்கண்ணா."

"செரி. என்னாத்துக்குக் கழட்டுனேன்னு கேட்டா?"

"எடத்துக்கு எடைஞ்சலா இருந்துச்சின்னு சொல்லுங்க."

"எடைஞ்சலா இருந்துச்சி..." உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஆமாபா. அப்டித்தான் இருந்திருக்கும்."

பிறகு அவரே ஸ்க்ரூவைத் தளர்த்தினார். கவரைப் பிடித்தார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் அவர் கை தடுமாறி, தவறான பக்கம் திருகியது.

"அந்தப் பக்கம் இல்லண்ணா" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து, சரியான பக்கம் திருப்பிவிட்டேன்.