யாரும் சாகாத பெயர்

மர்டீனா பிறந்தபோது அவள் பெயர் ஏற்கெனவே ஒருமுறை கடலில் மூழ்கியிருந்தது.

அவளுடைய சித்தப்பா மர்டோ மீன்பிடிக்கப் போன படகோடு போனவர், திரும்பவில்லை. அடுத்த வசந்தத்தில் அண்ணன் வீட்டில் பிள்ளை பிறந்தது. பையனாக இருந்திருந்தால் மர்டோ என்றே வைத்திருப்பார்கள். பெண்ணாகப் போனால் என்ன, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் அதற்கும் வழி இருக்கிறது. செத்தவன் பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டினால் முடிந்தது. டொனால்ட் போனால் டொனால்டீனா, கென்னத் போனால் கென்னத்தீனா. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும், கடல் யார் யாரைக் கொண்டுபோனது என்று தெரிந்துவிடும்.

நல்ல பெயர்தான், அவள் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தப் பெயரோடு சேர்ந்து வந்த மற்றதெல்லாம்தான் தாங்க முடியவில்லை. தேவாலய வாசலில் முன்பின் தெரியாத பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைப்பார்கள். "மர்டோ பேரு இல்லியா நீ? அதே நெத்தி!" என்பார்கள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் போல என்று அவளும் அழுவாள். வகுப்பில் எல்லோரையும் படகில் ஏற்றிக் கடல்பறவைகள் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அவள் கரையில் டீச்சரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படித்து முடித்ததும் அக்கரையில் இருக்கும் உல்லாபூல் போகும் கப்பலின் கேண்டீனில் வேலை கிடைத்தது. "ஒருதடவ போனது போதும்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். போனது அவர் தம்பி. வீட்டோடு கிடந்தது இவள்.

அதனால் முடிவெட்டக் கற்றுக்கொண்டாள். கடை கிடையாது. ஒரு பழைய வேனில் கத்தரிக்கோலும் சீப்பும் துண்டும் போட்டுக்கொண்டு, வீடுவீடாகப் போய் அடுப்படி நாற்காலியில் உட்காரவைத்து வெட்டுவாள். சாலை போடும் கேலமைக் கல்யாணம் செய்துகொண்டு கிளாஸ்கோவுக்கு ஊர் சுற்றப் போனபோதுகூட விமானத்தில்தான் போனார்கள். கேலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "என் பொண்டாட்டி பெரிய எடத்துப் பொண்ணுப்பா, கப்பல்ல கால் வைக்க மாட்டா."

பிள்ளை வெகுநாள் தங்கவில்லை. இனி இல்லை என்று இருவரும் வாயை மூடிக்கொண்ட பிறகு, முப்பத்தெட்டு வயதில் தங்கியது. அப்போதே அவள் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். என் பிள்ளைக்கு யாரும் சாகாத பெயர்தான்.

அப்படி ஒரு பெயர் அந்தத் தீவில் கிடைப்பது லேசல்ல. எந்த நல்ல பெயரை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு கல்லறை நின்றது. ஒருநாள் பக்கத்து வீட்டு பெக்கிக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது சுவரில் ஒரு காலண்டர் கண்ணில் பட்டது. நடுக்கடலில் செங்குத்தாக ஒரு பாறை, மேலே பனி தூவின மாதிரி வெள்ளைப் பறவைகள்.

"இது எங்க இருக்கு?"

"கீழ தெக்க. அய்ல்சான்னு பேரு. அந்தப் பக்கத்துல பொண்ணுங்களுக்குக்கூட வைக்கிறாங்களாம், கூத்தப் பாரு. பாறை பேரப் போயி யாராச்சும் புள்ளைக்கு வைப்பாங்களா?"

"பாறை முங்காதுல்ல" என்றாள் மர்டீனா.

பெக்கி கண்ணாடியில் அவள் வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நவம்பரில் ஃபின்லே போகும்வரை.

ஃபின்லே கேலமின் சிநேகிதன். கல்யாணம் ஆகாதவன், அக்கா இஷ்பெல்லோடு இருந்தான். சிங்கிறால் கூடு பார்க்கத் தனியாகப் படகெடுத்துப் போனான். படகு மட்டும் தானாகக் கரை ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை. ஊர் முழுக்க அந்த வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேதாகமச் சங்கீதங்களைப் பாடியது. இஷ்பெல் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கேலம் எழுந்துபோய், தேநீர்க் கெண்டியோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இஷ்பெல், அவன் பேரு போகாது. எங்க வீட்டுக்கு வருது" என்று சொல்லிவிட்டான்.

சாவு வீட்டில், அத்தனை பேர் காதுபடச் சொன்ன சொல். அதை அந்த ஊரில் யாரும் திருப்பி வாங்கியதில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிய பிறகுதான் மர்டீனா கேட்டாள்.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"வாய் தானா சொல்லிருச்சு மர்டீனா. அவ கெண்டியோட நிக்கறா, என்னால முடியல. பையனாத்தான் பொறக்கும்னு நெனச்சேன்."

"பையனா இருந்தா மட்டும் பொணத்துப் பேரு தூக்கிச் சுமக்கலாமா?"

"ஃபின்லே பொணம் இல்ல" என்று கேலம் கத்தினான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தெரியாதவன்போலக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் குனிய முடியாமல் குனிந்து கழற்றிவிட்டாள்.

மார்ச் மாதம் பிறந்தது பெண். இஷ்பெல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள், சூப் ஊற்றும் ஒவ்வொரு கரண்டிக்கும் சொன்னாள், "எங்க ஃபின்லேயினா பொறந்துட்டா." நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள் என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சு மர்டீனாவின் காதுக்கும் வந்தது. வந்து நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். அங்கே பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பது தகப்பன். போதகர் பெயரைக் கேட்பதும் தகப்பனிடம்தான். கேலம் என்ன சொல்லப்போகிறான் என்று கேலமுக்கே தெரியாது. "நீயே போயி இஷ்பெல்கிட்டப் பேசு. அவ சரின்னா எனக்கும் சரி. நானா சொன்ன சொல்ல நானா முழுங்க மாட்டேன்" என்றான்.

அந்த வாரம் இஷ்பெல்லே ஆள் அனுப்பினாள். தம்பி போனதிலிருந்து அவள் தலையில் கத்தரிக்கோல் பட்டதில்லை. பெயர் வைக்கிற அன்றைக்கு லட்சணமாக இருக்க வேண்டுமாம்.

மர்டீனா பிள்ளைக் கூடையை அடுப்போரம் வைத்துவிட்டு, இஷ்பெல்லின் தோளில் துண்டைப் போர்த்தினாள். நரைத்த முடி முதுகுவரை தொங்கியது.

"காத விட்டு வை தாயி. நெனப்பு எங்கயோ இருக்கு ஒனக்கு."

"இங்கதான் இருக்கு."

"எனக்குத் தெரியாதா. ஒன் மூஞ்சியும் சரியில்ல. கேலம் சண்ட போட்டானா?"

இடப்பக்கம் முழுவதும் வெட்டி முடித்திருந்தாள். இனியும் சொல்லாமல் இருந்தால் சொல்லவே மாட்டோம் என்று பயம் வந்துவிட்டது. சீப்பைக் கையில் பிடித்தபடியே சொன்னாள்.

"இஷ்பெல், புள்ளைக்கு அந்தப் பேரு வைக்க எனக்கு மனசு வரல."

இஷ்பெல் திரும்பவில்லை. கண்ணாடியும் இல்லை, அவள் முகம் மர்டீனாவுக்குத் தெரியவில்லை.

"அந்தப் பேருக்கு என்ன கொறச்சல்?"

"ஒரு கொறையும் இல்ல. நான் பட்டது போதும்னுதான். என்னப் பாத்து ஒருத்தரும் என்னப் பாத்ததில்ல இஷ்பெல். மர்டோவத்தான் பாத்தாங்க. நீங்ககூட."

"நானா?"

"என் கல்யாணத்துல வந்து என்ன சொன்னீங்க? 'மர்டோவுக்குக் கல்யாணம் பாக்கற பாக்கியம் கெடைச்சுது'ன்னீங்க. வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு நிக்கறேன், என்கிட்ட."

இஷ்பெல் துண்டில் விழுந்திருந்த முடியைத் தட்டிவிட்டாள்.

"எங்க ஃபின்லேவுக்கு ஒரு கல்லுகூட நட முடியலடி. குழி வெட்ட எடம் இருக்கு, போட ஆளு இல்ல. பேராச்சும் தரையில நடமாடட்டுமேன்னு பாத்தேன். அதுவும் ஒனக்குப் பொறுக்கல."

"நடமாடும் இஷ்பெல். ஆனா நீங்க யாரும் அவள தண்ணிப் பக்கம் விட மாட்டீங்க."

இஷ்பெல் துண்டை உருவி எறிந்துவிட்டு எழுந்தாள். ஒரு பக்கம் காதளவு, மறுபக்கம் முதுகுவரை.

"கெளம்பு."

"பாதிதான் ஆயிருக்கு..."

"பாதியோட இருந்துக்கறேன். கூடையத் தூக்கிட்டு நட."

கேலமிடம் வந்து சொன்னபோது அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு முகம் வெளுத்தது. "பாதி மண்டையோடவா விட்டுட்டு வந்த?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மர்டீனா மறுநாள் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே அடுப்பு எரிந்தது, புகை போனது, கதவு திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இஷ்பெல் வெள்ளைத் தொப்பிக்குள் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு சூப் ஊற்றினாளாம். பிள்ளைகளிடம் பெயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம்.

ஞாயிறு மழையோடு விடிந்தது. தேவாலய வாசலில் கேலம் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றான். கழுத்துப்பட்டை இறுக்கியதோ என்னவோ, ஒவ்வொரு நிமிடமும் விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டான். கறுப்புத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு இஷ்பெல் வந்தாள். வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மழையைப் பார்ப்பதுபோல நின்றார்கள்.

நேராகக் கேலமின் முன்னால் வந்து நின்றாள்.

"கேலம். என் வீட்டுல வச்சு ஒரு சொல்லு குடுத்தியே."

"குடுத்தேன்" என்றான் அவன்.

"அத நீயே வச்சுக்க. எனக்கு வேண்டாம்."

எல்லோருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கேலம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண்டுகொள்ளாமல் மர்டீனாவை ஒதுக்குப்புறமாக இழுத்துப்போனாள்.

"நீ சொன்னதுக்காக இல்ல, ஆமா. ஒன் மேல எனக்கு இன்னும் கோவந்தான்."

"தெரியும்."

"பொழுது சாயற நேரம் அவனச் சாப்பாட்டுக்குக் கொல்லையில நின்னு கூப்புடுவேன்ல. நேத்து அதே மாதிரி நின்னு அந்தப் பேரக் கூப்பிட்டுப் பாத்தேன். 'ஃபின்லேயினா'ன்னு. வாய்க்குப் பழகட்டுமேன்னு." அவள் தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஆடுங்கதான் திரும்பிப் பாத்துதுங்க. நானும் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறந்தான் ஒறச்சுது, கடலப் பாத்துக்கிட்டு நிக்கறேன். நாளைக்கு அந்தப் புள்ள ஓடியாரும். நான் அதுக்குப் பின்னால வேற யாராச்சும் வராங்களான்னு பாத்துக்கிட்டு நிப்பேன். அது பாவம்டி."

மர்டீனா அவள் கையைப் பிடிக்கப் போனாள். இஷ்பெல் கையை விலக்கிக்கொண்டாள்.

"அழுவாத, உள்ள போ. என்ன எழவுப் பேரு அது, பாறையாமே? பெக்கி சொன்னா. நாளைக்கு வந்து மிச்சத் தலைய வெட்டி முடி. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கத்தரிக்கோலத் தொட்டா போதகரு என்னயும் ஒன்னயும் சேத்து நரகத்துக்கு அனுப்பிருவாரு."

போதகர் கேட்டபோது கேலம் அவர் காதோரம் குனிந்தான். அவன் கண் மட்டும் ஒருமுறை இஷ்பெல் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போய்வந்தது. அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் தண்ணீர் பட்டதும் அய்ல்சா வீறிட்டாள்.

மறுநாள் வலப்பக்கத்தையும் வெட்டிச் சமன் செய்தாள் மர்டீனா. வெட்டி முடித்ததும் இஷ்பெல் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அலமாரி இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய பழைய வெள்ளிக்காசு ஒன்றை எடுத்தாள். பிறந்த பிள்ளையின் கையில் வெள்ளி வைப்பது அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. இறுகப் பிடித்துக்கொண்டால் சேர்த்து வைக்கும், நழுவவிட்டால் செலவழிக்கும் என்பார்கள்.

"எங்கம்மா இதத்தான் ஃபின்லே கையில வச்சாங்க. விடமாட்டேன்னுட்டானாம். ராத்திரி தூங்கின பெறகுதான் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தாங்களாம்."

கூடைக்கு முன்னால் மண்டியிட்டு, குட்டிக் கையை விரித்துக் காசை வைத்து மூடினாள். மூடிய கையைத் தன் கைக்குள் சற்று நேரம் பொத்தி வைத்திருந்தாள். பிறகு விட்டாள்.

அய்ல்சா கையை ஒரு உதறு உதறினாள். காசு தரையில் விழுந்து, வெட்டிக் கிடந்த நரைமுடி நடுவே உருண்டு, அடுப்புக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

மர்டீனா பதறிக் குனிந்தாள். இஷ்பெல் தடுத்துவிட்டாள். பிள்ளையின் முகத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், நெற்றியிலிருந்து மோவாய் வரை பார்த்தாள். வேகமாகப் பார்க்கவில்லை.

"இல்லடி" என்றாள் கடைசியில். "இது வேற ஆளு."

அப்புறம் விளக்குமாற்றை எடுத்து, தரையோடு படுத்து, அடுப்புக்கு அடியில் துழாவத் தொடங்கினாள்.