மூன்றாவது வளைவில் விழும் மட்டை

காரில் முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு மட்டைகள் இருக்குமே, முகத்தில் வெயில் அடித்தால் இறக்கிவிட்டுக்கொள்வதற்கு. சன் வைசர் என்பார்கள். ஊரில் உள்ள மற்ற கார்களில் அவை இறக்கினால் இறங்கும், ஏற்றினால் மேலேயே கிடக்கும். எங்கள் காரில் தமக்குத் தோன்றியபோது விழும். ஒரு வருடத்துக்கு மேல் அந்த மட்டையோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு சாமானுக்கு இவ்வளவு திமிர் ஆகாது.

கார் என் வீட்டுக்காரருடைய ஆசை. படுதாக் கூரை, வேண்டும்போது மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். மலைமேல் ஒரு எஸ்டேட் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் பல காலம் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், அதன்பிறகு சாப்பாட்டில்கூட மனம் இல்லாமல் திரிந்தார். கடைசியில், தோட்டத்துக்குப் போய்வர நாங்கள் வைத்திருந்த ஜீப்பை விற்றுவிட்டு இதை வாங்கினார். பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை தைத்து, போடி கடைத்தெருவில் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. கிளட்ச்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் எங்கள் மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன்.

எனக்கு வண்டி ஓட்டுவது புதிதில்லை. பழைய ஜீப்பையும் மலையில் நான் ஓட்டியிருக்கிறேன். போடிமெட்டைத் தாண்டி என் பங்குக்கு வந்த ஏலத்தோட்டம் ஒன்று இருக்கிறது. காய் எடுக்கிற நாட்களில் நான் போய் நின்றால்தான் அங்கே வேலை ஓடும். கடை அவருடையது. வீடு எல்லாருடையது. தோட்டமும், அங்கே நானே ஓட்டிக்கொண்டு போய்வருகிற அந்தப் பாதையும்தான் எனக்கென்று இருப்பவை. மட்டை இப்படியே விழுந்துகொண்டிருந்தால் ஒருநாள் யாராவது 'நீ ஓட்டினது போதும்' என்று சொல்லிவிடுவார்களே என்பதுதான் என் பயம்.

மலையடிவாரத்தில் இருக்கிற முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் முதல் வளைவில் ஒன்றும் ஆகாது. இரண்டாவதில் மட்டை லேசாக ஆடும். மூன்றாவதில் ஒரு குழி உண்டு. அங்கே பொத்தென்று முகத்துக்கு நேரே வந்து விழும். நான் குட்டை. சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் பானெட்டைத் தாண்டிப் பாதை தெரியும். தலையணை போட்டால் விழுந்த மட்டை மறைக்கும், தலையணையை எடுத்தால் ஸ்டீயரிங் மறைக்கும். ஒரு கையால் மட்டையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் வளைவில் திருப்பினால், கியர் போட எந்தக் கையை எடுப்பது? கழற்றி எறிந்துவிடலாம் என்றாலும் முடியாது. மலைப்பாதையில் வெயில் ஒரு வளைவில் முதுகில் அடிக்கும், அடுத்த வளைவில் நேராகக் கண்ணைக் குத்தும். அப்போது மட்டை வேண்டும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்குரூவை முறுக்கிவிட்டு, பட்டறை வாசலிலேயே வண்டியை முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி ஓட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானக்கா நிக்குது."

"இங்க நிக்கும். மலையில விழுகுது."

"மலையில விழுகுறதுன்னா நீங்க கதவ ஓங்கிச் சாத்துறீகளோ என்னமோ."

ஓடுகிற காரில் நான் எதற்குக் கதவைச் சாத்தப்போகிறேன்? அதைக் கேட்டதற்குச் சிரித்தார். மறுமுறை தோட்டத்துக்குப் போனபோது மூன்றாவது வளைவில் மட்டை விழுந்தது. திரும்பக் கொண்டுபோனேன். அவர் திரும்ப முறுக்கினார், திரும்பப் பத்தடி ஓட்டினார். நீங்களே மலை வரைக்கும் ஓட்டிப் பாருங்கள் என்றால் சோலி கிடக்குதுக்கா என்றார்.

பிறகு நானே வைத்தியம் பார்த்தேன். ரப்பர் பேண்டு போட்டு மேலே இழுத்துக் கட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, இது என்ன பொட்டலமா என்று பிரித்து எடுத்துவிட்டார். கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்பை மாட்டினேன். அதுவும் மறுநாள் கொடிக்கே போய்விட்டது. அவருக்கு அந்தக் காரில் ஒவ்வொன்றும் முதலில் இருந்தபடியே இருக்க வேண்டும். 'ஒரிஜினல்' என்ற சொல்லை அவர் சாமி பெயரைப்போலச் சொல்வார். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் போனில் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். வெளியூரில் யாரோ ஒருவர் அதே மாதிரி மட்டை தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம், வந்துவிடுமாம். அது வந்தபாடில்லை. ஆடி மாத மூடுபனியில் மட்டைக்குள் இருந்த அட்டை ஊறி உப்பி, இன்னும் கனத்துப் போனது. முன்பு ஆடிவிட்டு விழுந்தது, இப்போது ஆடாமலே விழுந்தது.

ஒருநாள் நானே உட்கார்ந்து கழற்றிப் பார்த்தேன். மட்டை ஒரு வளைந்த கம்பியில் கோத்திருக்கிறது. மட்டையின் துவாரம் தேய்ந்து பெரிதாகிவிட்டதால் கம்பியைப் பிடிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் ஆடினால் சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுற்றி இறுக்குவோம். அதையே இங்கேயும் செய்யலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சைக்கிள் ட்யூப்பா? இந்தக் காருக்கா?" என்றார். ஏதோ நான் காருக்கு மாட்டு லாடம் அடிக்கச் சொன்ன மாதிரி முகம் போயிற்று.

"மலையில கண்ணு தெரியலைங்க."

"மெதுவாப் போ. யாரு ஒன்னைய வெரசாப் போகச் சொன்னது?"

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எத்தனை முறை நடந்தது என்று எனக்கே கணக்கில்லை. சாப்பிடும்போது சொன்னேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். கோபமாகச் சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன். அவர் 'ம்' என்பார். அந்த 'ம்'மைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயந்தது ஒருநாள் நடந்தது. சாயங்காலம் தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எஸ்டேட் வேலை முடிந்து பெண்களை ஏற்றிவந்த ஜீப் ஒன்று வளைவில் நின்றிருந்தது. நான் திரும்பவும் மட்டை விழவும் சரியாக இருந்தது. எனக்கு முன்னால் ஜீப்பும் இல்லை, பாதையும் இல்லை, பூஞ்சை பிடித்த அந்த மட்டை மட்டும்தான் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். மட்டையைத் தூக்கிப் பார்த்தபோது என் கார் ஜீப்பின் பின்படியை உரசாத குறையாக நின்றது. படியில் உட்கார்ந்திருந்த பெண் காலைத் தூக்கிக்கொண்டு அலறினாள்.

"ஏ ஆத்தா, கண்ணு அவிஞ்சா போச்சு? எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல!"

அவள் கேட்டதில் தப்பில்லை. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜீப் கிளம்பிப் போனபிறகுதான் வண்டியை எடுத்தேன்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி கடைக்கு வந்திருந்தது. அந்த ஜீப்காரர் எங்கள் கடைக்கு அடுத்த டீக்கடையில்தான் டீ குடிப்பார். வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. அதைவிட மோசமாக, அன்பாகப் பேசினார்.

"ஒனக்கும் வயசாகுதுல்ல. ஒரு டிரைவரப் போட்டுக்குவோம்."

"வயசு இல்லைங்க. மட்டை விழுந்துருச்சு."

"மட்டை மேல பழியப் போடாத."

அடுத்த காய் எடுப்புக்கு டிரைவர் வந்துவிட்டார். பக்கத்து ஊரான சிலமலைக்காரர், நாற்பது வயது இருக்கும், ஜீப் ஓட்டிப் பழகியவர், நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் தலையணையை எடுத்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபோது என் வயிறு எரிந்தது. நான் இடது பக்கம், மடியில் தூக்குவாளியோடு, ஊருக்கு வந்த விருந்தாளிபோல உட்கார்ந்தேன்.

மூன்றாவது வளைவு வந்தது. மட்டை விழுந்தது. அவர் உயரமானவர், நெற்றியிலேயே அடித்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னக்கா இது, ஆளக் கொன்னுரும் போலருக்கே! இத வச்சுக்கிட்டா இம்புட்டு நாளும் ஓட்டுனீக?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடம் கழித்து எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கடைவாசலில் நின்று அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அண்ணே, அந்த மட்டை சரியில்ல. மலையில டபக்குன்னு விழுந்துருது."

"அப்படியா தம்பி?" வீட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். "என்ன பண்ணலாம்?"

"சைக்கிள் ட்யூப்ப வெட்டிக் கம்பியில சுத்துனா நிக்கும்ணே."

"நல்ல யோசனையா இருக்கே!"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கையில் தூக்குவாளியோடு. வீட்டுக்காரர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, இப்பவே வா, அவசரம் என்றார். மெக்கானிக்கும் வந்தார். இரண்டு பக்க மட்டைகளையும் கழற்றி, ஊறிய அட்டையை மாற்றி, ட்யூப்பைச் சுற்றி மாட்டிவிட்டார்கள். டீ ஆறுகிற நேரத்துக்குள் முடிந்தது. எல்லாம் முடிந்தபிறகு வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, உண்மையான கவலையோடு கேட்டார்:

"இது இம்புட்டு ஆபத்துன்னு நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?"

உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் வேண்டுமென்றே கேட்டிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்ன எதுவும் அவர் காதுக்குள் போகவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் இன்னும் என்னென்ன சொல்லி, எதெதெல்லாம் அந்த 'ம்'முக்குள் போயிற்றோ என்று நினைத்துக்கொண்டே கஞ்சியைத் தரையெல்லாம் சிந்தினேன்.

அடுத்த முறை மலைக்குப் போனபோது மூன்றாவது வளைவில் என் கண் மட்டையிலேயே இருந்தது. விழவில்லை. அடுத்ததிலும் விழவில்லை. மேலே போய்ச் சேரும்வரை சமர்த்தாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத்தான் ஆத்திரம் அதிகமாயிற்று. தோட்டத்தில் அன்று காய் எடுக்கிற பெண்களிடம் சும்மா சும்மா எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது டிரைவரிடம் கையை நீட்டினேன்.

"சாவியக் கொண்டா, தம்பி."

"அக்கா, அண்ணே வையுவாருக்கா."

"வஞ்சா நான் பாத்துக்கிறேன். இன்னைக்குச் சம்பளம் ஒனக்கு உண்டு. அந்தப் பக்கம் ஏறி உக்காரு."

அவர் பின்சீட்டில் கிடந்த தலையணையைத் தானே எடுத்துத் தட்டிக் கொடுத்தார். நான் ஓட்டினேன். சாய்வெயில் கண்ணில் குத்திய வளைவில் மட்டையை இறக்கினேன், இறங்கியது. திரும்பியதும் ஏற்றினேன், ஏறி நின்றது. இரண்டு கையும் ஸ்டீயரிங்குக்கும் கியருக்கும் மட்டும் இருந்தது எவ்வளவு சுகம் என்று எப்படிச் சொல்வது? வேலை முடிந்து இறங்கும் ஜீப்புகள் என்னை முந்தின. ஒரு வளைவில் ஒதுங்கி வழிவிட்டபோது ஒரு ஜீப்காரர் கையைக் காட்டிவிட்டுப் போனார். டிரைவர் முதலில் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். முந்தல் வருவதற்குள் கையை எடுத்துவிட்டார்.

கடைவாசலில் நிறுத்தியதும் வீட்டுக்காரர் நொண்டி நொண்டி வெளியே வந்தார். ஸ்டீயரிங்கில் என்னைப் பார்த்தார். பிறகு இடது பக்கம் போய் டிரைவரிடம் குனிந்தார்.

"என்ன தம்பி, ஒடம்பு சரியில்லையா?"

"அவருக்கு ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். "மட்டை சரியாயிருச்சு. இனி டிரைவரு வேணாம். நானே போய்ட்டு வர்றேன்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் டிரைவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் பாவம், இருந்த வேலை போகிறது என்று தெரிந்தும் நெஞ்சில் இருந்ததைச் சொன்னார்.

"அக்கா நல்லாத்தாண்ணே ஓட்டுறாங்க. என்னையவிட நிதானம்."

"அப்படியா?" என்று வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. "அப்பச் சரி, அவளே ஓட்டட்டும்."

அதையும் டிரைவரைப் பார்த்துத்தான் சொன்னார்.