ஹெரால்டு காருக்கு இரண்டு டிரம்

மாமா மேல் எனக்கு இருந்தது சின்னக் கோபமில்லை. நான்காம் வகுப்பில் பாதி நாள் அதைப் புத்தகப் பையோடு சேர்த்துச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

எங்களிடம் ஒரு பழைய ஹெரால்டு கார் இருந்தது. தாத்தா வாங்கியது, பிறகு அப்பாவுக்கு வந்தது. சுங்குவார்சத்திரத்தில் வீட்டுப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டு அதில் நிறுத்தியிருந்தார். தண்டலத்தில் கல்லூரி அலுவலக வேலை முடிந்து வந்ததும் அவர் முதலில் தொடுவது என்னையல்ல, காரின் மூக்கைத்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பானட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பாதி முழுவதும் முதலை மாதிரி வாய் பிளக்கிற கார் வேறு யார் வீட்டில் இருக்கிறது?

அந்தக் காருக்கு பிரேக் போய்விட்டது. முன்சக்கரத்துக்குள் இருக்கிற இரும்பு டிரம் இரண்டும் தேய்ந்துபோய், மிதித்தால் நிற்பதற்குப் பதில் இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. ஒருநாள் டீக்கடை பெஞ்சில் போய் முட்டியது. பெஞ்சில் இருந்தவர் டம்ளரைக் கீழே வைக்காமலேயே அப்பாவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. லைனிங் புதிதாக அடிக்கலாம், ரப்பர் கூட எங்காவது கிடைக்கும், டிரம்மில் மட்டும் கடைவதற்கு இனி இரும்பே இல்லை என்று லேத் பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். அப்பா ஸ்ரீபெரும்புதூர், படப்பை, சென்னை என்று கடை கடையாக ஏறி இறங்கினார். தீபாவளிக்குள் டிரம் கிடைக்காவிட்டால் கார் காயலாங்கடைக்குப் போகும் என்று அம்மா கெடு வைத்தாள்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரகடம் பக்கத்தில் பிரேக் டிரம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்ததிலிருந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அம்மா கெடு வைத்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா அப்பாவிடம் சொன்னார்:

"டிரம்முக்கா மாமா இவ்ளோ பேஜாரு? எங்க லைன்ல மலை மாதிரி குவிஞ்சிக்கினு கீது. நான் எடுத்தாரேன்."

அப்பா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைக்கச் சொன்னார். நான் மறுநாளே பள்ளிக்கூடத்தில் கார் தயாராகிவிட்டதாகச் சொல்லிவிட்டேன்.

டிரம் வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து மாமா இறங்கும்போதெல்லாம் நான் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன். டிபன் பாக்ஸ் மட்டும் இருக்கும். கேட்டால் ஓ.டி. என்பார், ஸ்டோரில் ஆள் இல்லை என்பார். கடைசியில் நான் கேட்பதற்கு முன்பே தலையைச் சொறிய ஆரம்பித்தார்.

ஆயுத பூஜைக்கு அந்தக் கம்பெனியில் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வருகிறவர்களுக்குப் பொரி பாக்கெட்டும் இனிப்பு டப்பாவும் உண்டு. நாங்கள் எல்லோரும் போனோம். டிரம் மலையாகத்தான் குவிந்திருந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு கிரைண்டரைவிடப் பெரியது. லாரிக்கானவை. எங்கள் கார் டிரம்மை அதற்குள் போட்டு மூடிவைக்கலாம். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. இது சேராது என்று முதல் நாளே இவருக்குத் தெரியாதா? தெரிந்துதானே மீனைத் தின்றார்?

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை, நம்பிக்கை வந்துவிட்டது. இவ்வளவு பெரியது செய்கிறவர்களுக்குச் சின்னது செய்யத் தெரியாதா என்று நேராக சூப்பர்வைசரிடமே போனார். சூப்பர்வைசர் போட்டிருந்தது நீலச் சட்டை. மாமாவுடையது சாம்பல் நிறம். சாம்பல்தான் எடுப்பாக இருப்பதாக எனக்குப் பெருமை.

"சார், எங்க கார் ஒண்ணு நிக்குது. ரெண்டு டிரம் வேணும், வெல இன்னாவோ குடுத்துடறோம். மச்சான்கூட வெளிய எடுத்தாந்து தரேன்னு சொல்லிக்கினு இருந்தான்."

சூப்பர்வைசர் சிரித்தபடியே, எந்த மச்சான் என்று கேட்டார். அப்பா பெருமையாக மாமாவின் தோளில் கை போட்டுக் காட்டினார். சூப்பர்வைசர் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

வெளியே வரும்போது கேட்டில் எங்களை மட்டும் ஓரமாக நிறுத்தினார்கள். அம்மாவின் கைப்பையைக் கவிழ்த்தார்கள். பொரி பாக்கெட்டைக் கிழித்துக் கைவிட்டுப் பார்த்தார்கள். என் இனிப்பு டப்பாவைப் பிடுங்கித் திறந்து, உள்ளே இருந்த லட்டை விரலால் நகர்த்திப் பார்த்த செக்யூரிட்டியின் நகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மற்ற குடும்பங்கள் எங்களைத் தாண்டிப் போயின. மாமா யாரோ மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றேன். "நீ பொய்க்காரன்," என்றேன், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி. அம்மா என் தொடையில் கிள்ளினாள். அந்த லட்டை நான் ஜன்னல் வழியாக எறிந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து மாமா சாம்பல் சட்டையைப் போடவில்லை. சொந்தச் சட்டையில், அதே நேரத்துக்கு, அதே டிபன் பாக்ஸோடு கிளம்பினார். யூனிஃபார்ம் போடாதவர்கள் ஆபீசர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆக, எங்களை அவமானப்படுத்திவிட்டு இவருக்கு மட்டும் ப்ரமோஷன் கொடுத்திருக்கிறார்கள். என் கோபம் இரட்டிப்பானது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ப்ரமோஷனைச் சொல்லாமல் விடவில்லை.

தீபாவளி நெருங்கும்போது ஒரு சாயங்காலம் மாமா தோளில் கோணிப்பையோடு வந்தார். உள்ளே இரண்டு டிரம். எங்கள் காருக்கு உரியவை. அப்பா மாட்டிப் பார்த்தார், போல்ட்டெல்லாம் அதனதன் துளையில் உட்கார்ந்தன. புதுசு எப்படித் துருப்பிடிக்கும் என்று மாமாவைக் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே அவரோடு மறுபடி பேசினேன்.

"எங்க கம்பெனிதுதான் பாப்பா. மழைல நனைஞ்சிடுச்சி."

ஒரு பொருளை நனையாமல் வைத்துக்கொள்ளத் தெரியாத கம்பெனி மேலும் எனக்குக் கோபம் வந்தது.

இப்போது நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளர். முதல் நாள் சட்டை கொடுத்தார்கள். நிரந்தரமானவர்களுக்கு ஒரு நிறம், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேறு நிறம். அதை வீட்டில் சொன்னபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள். ஆயுத பூஜை முடிந்து வேலைக்குப் போன அன்றே மாமாவின் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, இனி கம்பெனி பஸ்ஸில் ஏறாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஏன், எதற்கு என்று கேட்க கான்ட்ராக்ட் ஆளுக்கு வழியில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்று வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பி, பகலெல்லாம் காயலாங்கடைகளில் டிரம் தேடிப் பழைய கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறார். லட்டைக் கிளறிய அந்த நகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தீபாவளிக்கு மணிமங்கலம் கோயிலுக்குக் காரில் போனோம். அப்பா பிரேக்கை மிதித்த இடத்தில் கார் நேராக நின்றது. மாமா உடனே கதவைத் திறந்து இறங்கி, ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "உங்க கம்பெனி மேல உனக்கே நம்பிக்கை இல்லியா மாமா?" என்று கேட்டேன்.

மாமா குனிந்தபடியே கல்லை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.